பட்டம் கைகூடாத 26 பருவங்கள்: பேஸ்பால் மேலாளர் ஜீன் மாக்கின் வாழ்க்கை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 26 பருவங்கள் அணிகளை வழிநடத்தி, 1,902 ஆட்டங்களில் வெற்றி கண்டவர் ஜீன் மாக். நுட்பமான ஆட்ட அறிவுக்காகச் சக மேலாளர்களாலும் எதிரணியினராலும் மதிக்கப்பட்டவர். ஆயினும் அவருடைய அணிகளில் ஒன்றுகூட அவர் காலத்தில் உலகத் தொடருக்குள் நுழையவில்லை. அத்தனை நீண்ட காலம் பணியாற்றியும் ஒரு லீக் பட்டத்தையேனும் பெறாத மேலாளர் அந்த விளையாட்டின் வரலாற்றில் வேறெவரும் இல்லை.

மூன்று முறை அவர் அந்த வாசலை நெருங்கினார். 1964-இல் 12 ஆட்டங்களே மீதமிருந்த நிலையில் அவரது அணி ஆறரை ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. 1982-இல் ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்டது. 1986-இல் ஒரே ஒரு பந்து போதுமானதாக இருந்தது. மூன்று முறையும் வாய்ப்பு நழுவியது. 2005 ஆகஸ்ட் 8 அன்று தமது 79-ஆவது வயதில் அவர் மறைந்தபோது, வெற்றிகளைவிட இந்த மூன்று தோல்விகளே அதிகம் நினைவுகூரப்பட்டன.

கிரிக்கெட்டில் அணித்தலைவரும் பயிற்சியாளரும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்புகளைப் பேஸ்பாலில் மேலாளர் ஒருவரே பெருமளவு சுமக்கிறார். யார் பந்து வீசுவது, அவரை எப்போது மாற்றுவது, மட்டையாளர்களின் வரிசை எது, எந்தத் தருணத்தில் ஓட்டக்காரரைத் துணிந்து ஓடவிடுவது என ஒவ்வொரு முடிவும் அவருடையது. வெற்றி ஆட்டக்காரர்களைச் சேர்கிறது. தோல்வி மேலாளரைத் தேடி வருகிறது. மாக்கின் வாழ்க்கை அதற்கொரு நீண்ட சான்று.

ஆறு அணிகளில் ஓர் ஆட்டக்காரர்

ஜீன் மாக் 1925 நவம்பர் 18 அன்று கன்சாஸ் மாநிலத்தின் சலைனா நகரில் பிறந்தார். பின்னர் குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஃபிரீமான்ட் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பேஸ்பாலில் கவனம் பெற்றார். 1944-இல் தமது 18-ஆவது வயதில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக மூத்த ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்தில் இருந்த காலம் அது. ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு மாக்கும் ராணுவப் பணிக்குச் சென்றார்.

போர் முடிந்து திரும்பியவருக்கு நிலையான இடம் எங்கும் கிடைக்கவில்லை. தளங்களுக்கு இடையே நின்று வேகமாக வரும் பந்தைத் தடுத்து எறியும் இன்ஃபீல்டர் வரிசையில், இரண்டாம் தளத்திலும் ஷார்ட்ஸ்டாப் இடத்திலும் அவர் பெரும்பாலும் ஆடினார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், மீண்டும் டாட்ஜர்ஸ், சிகாகோ கப்ஸ், பாஸ்டன் பிரேவ்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், இறுதியாக பாஸ்டன் ரெட் சாக்ஸ் என அணிகள் மாறிக்கொண்டே இருந்தன. 1944 முதல் 1957 வரை ஒன்பது பருவங்களில் அவர் ஆடிய மேஜர் லீக் ஆட்டங்கள் 304 மட்டுமே. மட்டையாட்டச் சராசரி 0.239, ஹோம் ரன்கள் ஐந்து. நான்கு முயற்சிகளுக்கு ஒரு வெற்றி அடி என்ற அளவைக்கூட எட்டாத கணக்கு அது.

உடல்திறனால் முன்னணிக்கு வர முடியாது என்பதை மாக் விரைவிலேயே உணர்ந்தார். ஆடுகளத்தைவிட ஓய்விருக்கையில் அதிக நேரம் கழிந்தது. அந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை. மேலாளர்கள் எடுக்கும் முடிவுகளையும், அவற்றின் விளைவுகளையும், எதிரணியின் பழக்கங்களையும் கூர்ந்து கவனித்தார். விதிநூலை வரிவரியாகப் படித்தார். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித்தந்த ஆட்ட அறிவு இந்த ஆண்டுகளில் விளைந்ததே.

ஹவானாவில் கிடைத்த முதல் அனுபவம்

1953-இல், 27 வயதிலேயே, அட்லாண்டா கிராக்கர்ஸ் என்ற சிறு லீக் அணிக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே பொறுப்பிலிருந்து விலகி, பசிபிக் கடற்கரை லீக்கில் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்காக மீண்டும் வெறும் ஆட்டக்காரராக ஆடினார். ஆடும் நாள்கள் முடிவுக்கு வந்தபின் 1958-இல் மினியாபொலிஸ் மில்லர்ஸ் அணி அவரை மேலாளராக நியமித்தது. முதல் ஆண்டிலேயே அந்த அணி சிறு லீக் சாம்பியன்கள் மோதும் ஜூனியர் உலகத் தொடரில் மான்ட்ரியால் அணியை நான்குக்குச் சுழியம் என வீழ்த்தியது.

அடுத்த ஆண்டு, 1959-இல், அதே தொடரில் கியூபாவின் ஹவானா சுகர் கிங்ஸ் அணியை எதிர்கொள்ள நேர்ந்தது. மினியாபொலிஸ் நகரில் கடுங்குளிர் நிலவியதால், முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தும் ஹவானாவுக்கு மாற்றப்பட்டன. புரட்சி வென்று சில மாதங்களே ஆகியிருந்தன. துப்பாக்கி ஏந்திய வீரர்கள் மைதானத்தைச் சூழ்ந்து நின்றனர். ஃபிடல் காஸ்ட்ரோ நேரில் வந்து ஆட்டங்களைப் பார்த்தார். ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை இழுபறியாகச் சென்ற தொடரை ஹவானா அணி 4-3 என்ற கணக்கில் கைப்பற்றியது. இறுதி நொடியில் நழுவும் வெற்றி எத்தகையது என்பதை மாக் அங்கேதான் முதலில் அறிந்தார்.

தொடர்ந்து 23 தோல்விகள்

1960 பருவத்தின் முதல் ஆட்டம் முடிந்தவுடனேயே பிலடெல்பியா பில்லிஸ் அணியின் மேலாளர் எடி சாயர் பதவி விலகினார். அந்த இடத்துக்கு 34 வயது மாக் அழைக்கப்பட்டார். நேஷனல் லீக்கின் மிகப் பலவீனமான அணிகளில் ஒன்று அது. அதன் நீண்ட வரலாற்றில் இரண்டே இரண்டு லீக் பட்டங்கள் மட்டுமே இருந்தன: ஒன்று 1915-இல், மற்றொன்று 1950-இல்.

1961-இல் அந்த அணி தொடர்ச்சியாக 23 ஆட்டங்களில் தோற்றது. நவீன மேஜர் லீக் வரலாற்றில் அதைவிட நீண்ட தோல்வி வரிசை இல்லை. அந்தப் பருவத்தில் வெற்றி 47, தோல்வி 107. 24-ஆவது முயற்சியில் ஒரு வெற்றி கிட்டி அணி ஊர் திரும்பியபோது, விமான நிலையத்தில் ரசிகர்கள் திரண்டு வரவேற்றனர்.

தோல்வியைப் பழகிக்கொள்ள மாக் மறுத்தார். 1963-இல் ஹூஸ்டனில் கைக்கெட்டிய ஆட்டம் ஒன்று பறிபோனபோது, உடைமாற்றும் அறையில் பரிமாறப்பட்டிருந்த உணவு மேசையை அவர் கவிழ்த்தார். இறைச்சியும் குழம்பும் தெறித்து இரண்டு ஆட்டக்காரர்களின் உடைகள் பாழாயின. புதிய உடைகளுக்கான பணத்தை அவரே கொடுத்தார். கட்டுப்பாடும் கடுஞ்சொல்லும் காரணமாக அவரைச் சிறிய தளபதி என்ற பட்டப்பெயரால் அழைத்தனர்.

கடுமைக்குப் பலனும் கிடைத்தது. 1962-இல் 81 வெற்றிகள், 1963-இல் 87 வெற்றிகள் என அணி படிப்படியாக ஏறியது. 1963 இறுதியில் டெட்ராய்ட் அணியிலிருந்து பந்துவீச்சாளர் ஜிம் பன்னிங் வந்து சேர்ந்தார். டிக் ஆலன் என்ற இளம் மட்டையாளர் முதல் முழுப் பருவத்துக்கு ஆயத்தமானார். ஜானி காலிசன் வெளிக்களத்தில் இருந்தார். பிலடெல்பியா நம்பத் தொடங்கியது.

1964: பத்து நாள்கள்

1964 ஜூன் 21 அன்று நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக ஜிம் பன்னிங் 27 மட்டையாளர்களையும் ஒருவர் விடாமல் வெளியேற்றி முழுநிறை ஆட்டம் வீசினார். 20-ஆம் நூற்றாண்டில் நேஷனல் லீக்கில் நிகழ்ந்த முதல் சாதனை அது. ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஜானி காலிசன் தமது ஹோம் ரன்னால் முடித்துவைத்தார். டிக் ஆலன் 201 வெற்றி அடிகளுடன் சிறந்த புதுமுக வீரர் விருதை நோக்கி நடந்தார். செப்டம்பர் 20 அன்று இரவு பில்லிஸ் அணி 90 வெற்றிகள், 60 தோல்விகளுடன் முதலிடத்தில் நின்றது. 12 ஆட்டங்கள் மீதமிருந்தன. முன்னிலை ஆறரை ஆட்டங்கள். உலகத் தொடருக்கான நுழைவுச்சீட்டுகள் அச்சாகத் தொடங்கியிருந்தன.

அன்றைய விதிப்படி பருவ இறுதியில் அதிக வெற்றி பெற்ற அணியே லீக் பட்டம் வென்று நேரடியாக உலகத் தொடருக்குச் செல்லும். இடையே வேறு தகுதிச் சுற்று கிடையாது.

செப்டம்பர் 21 அன்று சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் மூன்றாம் தளத்தில் நின்ற சிக்கோ ரூயிஸ், எவரும் எதிர்பாராத தருணத்தில் இல்லத் தளத்தை நோக்கி ஓடினார். மட்டையுடன் நின்றவர் லீக்கின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவரான ஃபிராங்க் ராபின்சன். அவர் அடிக்கக் காத்திருக்கும்போது வேறொருவர் இப்படித் துணிவது அறிவுக்குப் பொருந்தாத செயல். பந்துவீச்சாளர் ஆர்ட் மகாஃபி தடுமாறி எறிந்த பந்து இலக்கு தவறியது. ஆட்டம் 1-0 என முடிந்தது.

அதன்பின் வெற்றி திரும்பவில்லை. சின்சினாட்டியிடம் மூன்று, மில்வாக்கி பிரேவ்ஸிடம் நான்கு, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் மூன்று என பத்து ஆட்டங்களில் தொடர்ச்சியாகத் தோல்வி. அவற்றில் முதல் ஏழும் சொந்த மைதானத்தில் நிகழ்ந்தவை.

இந்தப் பத்து நாள்களில் மாக் எடுத்த ஒரு முடிவே இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. தொடக்கப் பந்துவீச்சாளருக்கு வழக்கமாக மூன்று அல்லது நான்கு நாள்கள் ஓய்வு தரப்படும். மாக் தமது சிறந்த இருவரான ஜிம் பன்னிங்கையும் கிறிஸ் ஷார்ட்டையும் இரண்டே நாள் ஓய்வில் திரும்பத் திரும்பக் களமிறக்கினார். ஷார்ட் செப்டம்பர் 22, 25, 28 ஆகிய நாள்களில் வீசினார். பன்னிங் 24, 27, 30 ஆகிய நாள்களில் வீசினார். களைத்த கைகள் பந்தின் வேகத்தையும் திருப்பத்தையும் இழந்தன.

அவருக்கும் நியாயங்கள் இருந்தன. டென்னிஸ் பென்னெட் தோள்வலியுடன் போராடிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் வந்து அணிக்கு வலுச்சேர்த்த ஃபிராங்க் தாமஸ், செப்டம்பர் தொடக்கத்தில் கட்டைவிரல் முறிந்து வெளியேறியிருந்தார். நம்பத்தக்க மாற்றுப் பந்துவீச்சாளர் குறைவு. எனினும் முன்னிலை ஆறரை ஆட்டங்களாக இருந்தபோதே அவசரம் தேவைப்பட்டதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தோல்வியை விரைந்து நிறுத்த முயன்றதே தோல்வியை நீட்டித்தது என்பது விமர்சகர்களின் முடிவாயிற்று.

கடைசி இரண்டு ஆட்டங்களில் பில்லிஸ் அணி சின்சினாட்டியை வென்றது. பருவத்தின் இறுதி நாளில் பன்னிங் வீசிய ஆட்டம் 10-0. அன்று மெட்ஸ் அணி கார்டினல்ஸை வீழ்த்தியிருந்தால் மூன்று அணிகள் சமநிலை பெற்றிருக்கும். கார்டினல்ஸ் வென்றது. 93 வெற்றிகளுடன் லீக் பட்டம் செயின்ட் லூயிஸுக்குப் போனது. 92 வெற்றிகளுடன் பில்லிஸ் அணியும் ரெட்ஸ் அணியும் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டன. கார்டினல்ஸ் பின்னர் நியூயார்க் யாங்கீஸை வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது.

மாக் பழியை ஆட்டக்காரர்கள் மீது போடவில்லை. பந்துவீச்சாளர்களைக் களைப்படையச் செய்தது தாமே என ஏற்றுக்கொண்டார். ஆனால் பிலடெல்பியா நகரம் அந்தச் செப்டம்பரைத் தலைமுறைகளுக்குக் கடத்தியது. பேஸ்பாலில் கைக்கு வந்த பட்டம் நழுவும்போதெல்லாம் அந்த ஆண்டே ஒப்பீட்டுக்கு வந்தது.

டிக் ஆலனும் முறிந்த உறவும்

மறு ஆண்டு ஜூலையில் மைதானத்தில் பயிற்சியின்போது டிக் ஆலனுக்கும் ஃபிராங்க் தாமஸுக்கும் கைகலப்பு மூண்டது. தாமஸ் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நடந்ததைப் பற்றி வெளியே பேசினால் அபராதம் விதிக்கப்படும் என மாக் எச்சரித்தார். விளக்கம் சொல்ல முடியாத நிலையில், வெள்ளையரான மூத்த வீரரைக் கறுப்பின இளைஞர் வெளியேற்றிவிட்டார் என்ற பேச்சு பரவியது. சொந்த ரசிகர்களின் கூச்சலும் எறிபொருள்களும் ஆலனைப் பல ஆண்டுகள் துரத்தின. ஒழுங்கைக் காக்க விதிக்கப்பட்ட மௌனம், ஓர் இளைஞரின் தரப்பைப் புதைத்துவிட்டது. மாக்கின் நிர்வாகத்தில் மிகப் பெரிய பிழை ஆடுகளத்துக்கு வெளியே நிகழ்ந்த இதுவே எனக் கருத இடமுண்டு.

ஆலனுக்கும் மேலாளருக்கும் இடையிலான உறவு படிப்படியாகச் சீர்கெட்டது. 1968 ஜூனில் மாக் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஒன்பது பருவங்கள் நீடித்த பிலடெல்பியா அத்தியாயம் அத்துடன் முடிந்தது.

புதிய நாடு, புதிய அணி

1969-இல் மேஜர் லீக் முதன்முறையாக அமெரிக்க எல்லையைத் தாண்டியது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் எக்ஸ்போஸ் அணி தொடங்கப்பட்டது. பிற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்களைக் கொண்டு உருவான அந்த அணிக்கு முதல் மேலாளர் மாக். முதல் ஆட்டத்தில் மெட்ஸ் அணியை 11-10 என வென்ற எக்ஸ்போஸ், சில நாள்களிலேயே மற்றொரு வியப்பை அளித்தது. ஏப்ரல் 17 அன்று பில் ஸ்டோன்மன் எதிரணிக்கு ஒரு வெற்றி அடியும் தராத ஆட்டத்தை வீசினார். எதிரணி, மாக் விட்டுவந்த பிலடெல்பியா.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தொடர்ச்சியாக 20 தோல்விகள் வந்தன. பருவ முடிவில் கணக்கு 52 வெற்றி, 110 தோல்வி. ஆயினும் அடுத்த ஆண்டே 73 வெற்றிகள். 1973-இல் பலவீனமான கிழக்குப் பிரிவில் இறுதி வாரம் வரை போட்டியில் நின்று, முதலிடம் பெற்ற மெட்ஸைவிட மூன்றரை ஆட்டங்களே பின்தங்கியது. இல்லாததிலிருந்து ஓர் அணியை எழுப்பியவர் என்ற பெயர் மாக்குக்குக் கிடைத்தது. 1975 பருவத்துக்குப் பின் அந்த நிர்வாகமும் அவரை விடுவித்தது.

1976 முதல் 1980 வரை மினசோட்டா ட்வின்ஸ். அங்கே ராட் கரூ 1977-இல் 0.388 என்ற அரிய சராசரியை எட்டினார். மாக்கின் சகோதரி மகனான ராய் ஸ்மாலி அதே அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார். ஆனால் அது ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை பெற்றிருந்த புதிய காலம். சிக்கனமான உரிமையாளர் கால்வின் கிரிஃபித் உயர் ஊதியம் தர விரும்பவில்லை. லாரி ஹைசல், லைமன் போஸ்டாக் ஆகியோர் வெளியேறினர். 1979-இல் ராட் கரூவும் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். கட்டும் வேகத்தைவிடக் கலையும் வேகம் அதிகமாயிற்று. 1980 ஆகஸ்டில் மாக் தாமே விலகினார்.

விதிநூலின் இடைவெளிகள்

ஓர் ஓட்டத்தின் மதிப்பை மாக் பெரிதாகக் கருதினார். தம்மைத் தியாகம் செய்து ஓட்டக்காரரை ஒரு தளம் முன்னேற்றும் மெல்லிய அடியை, பிற மேலாளர்களைவிட அதிகம் பயன்படுத்தினார். ஆட்டத்தின் இறுதியில் ஒரே ஓட்டம் தோல்வியைத் தரும் நிலையில், வெளிக்களத்திலிருந்து ஒருவரை முன்னே அழைத்து நால்வர் நிற்கும் உள்வரிசையில் ஐவரை நிறுத்தினார்.

பேஸ்பாலில் வெளியே சென்ற ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் திரும்ப முடியாது. பந்துவீச்சாளரும் மட்டை பிடிக்க வேண்டியிருந்த நேஷனல் லீக்கில் இது சிக்கலான கணக்கு. புதிய பந்துவீச்சாளரையும் புதிய களத்தடுப்பாளரையும் ஒரே நேரத்தில் இறக்கி, வரிசையில் அவர்களின் இடங்களை மாற்றிவைத்தால், பலவீனமான மட்டையாளரான பந்துவீச்சாளரின் முறையைத் தள்ளிப்போட முடியும். இந்த இரட்டை மாற்று முறையைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவராக மாக் குறிப்பிடப்படுகிறார்.

பில்லிஸ் அணியில் இருந்த காலத்தில், எதிரணியின் விக்கெட் கீப்பரை ஒத்த கேட்சர் ஜெர்ரி கிரோட், உயர எழுந்த பந்தைப் பிடிக்க பில்லிஸ் ஓய்விருக்கைக்குள் கைகளை நீட்டினார். மாக் அந்தக் கைகளைத் தட்டிவிட்டார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. அந்த இடைவெளி பின்னர் அடைக்கப்பட்டது. விதி எங்கே முடிகிறது என்பதை அறிந்தவர், அந்த எல்லைக் கோட்டின் மீதே நின்று ஆடினார்.

இதே கூர்மையே குறையாகவும் சொல்லப்பட்டது. ஆட்டத்தை ஆட்டக்காரர்களிடம் விட வேண்டிய தருணத்திலும் அவர் தலையிட்டார் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

அனாஹெய்ம்: ஒரு வெற்றி, ஒரு பந்து

1981 மே மாதம் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி மாக்கை அழைத்தது. திரைப்படங்களில் பாடும் குதிரைவீரராகப் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரி அதன் உரிமையாளர். வாழ்நாளுக்குள் ஓர் உலகத் தொடரைக் காண்பது அவர் விருப்பம். 1982-இல் ரெஜி ஜாக்சன், ராட் கரூ, ஃபிரெட் லின், டான் பேலர் என மதிப்புமிக்க வீரர் விருதை முன்பே வென்ற நால்வர் அந்த அணியில் இருந்தனர். 93 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் முதலிடம் கிட்டியது. 22 பருவங்களுக்குப் பின் மாக் முதன்முறையாகப் பிரிவுப் பட்டம் வென்றார்.

ஐந்து ஆட்டங்கள் கொண்ட லீக் இறுதித் தொடரில் மில்வாக்கி புரூவர்ஸ் அணிக்கு எதிராக முதல் இரண்டையும் ஏஞ்சல்ஸ் வென்றது. எஞ்சிய மூன்றில் ஒன்று போதும். மூன்றிலும் தோல்வி. ஐந்தாட்ட லீக் இறுதித் தொடரில் இரண்டுக்குச் சுழியம் என முன்னிலை பெற்ற பின் தோற்ற முதல் அணி அது. நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களில் டாமி ஜான், புரூஸ் கைசன் ஆகியோரை மூன்று நாள் ஓய்வில் இறக்கியதால் 1964-இன் நினைவு மீண்டும் கிளறப்பட்டது. பருவம் முடிந்ததும் மாக் விலகினார். அடுத்த ஆண்டு அவருடைய மனைவி புற்றுநோயால் காலமானார்.

1985-இல் அவர் திரும்பி வந்தார். அந்த ஆண்டு கான்சஸ் சிட்டி ராயல்ஸைவிட ஓர் ஆட்டம் பின்தங்கி பிரிவுப் பட்டத்தை இழந்தார். 1986-இல் 92 வெற்றிகளுடன் மீண்டும் முதலிடம். ஏழு ஆட்டங்கள் கொண்ட லீக் இறுதித் தொடரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு எதிராக மூன்றுக்கு ஒன்று என முன்னிலை.

அக்டோபர் 12 அன்று அனாஹெய்ம் மைதானத்தில் ஐந்தாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ஏஞ்சல்ஸ் 5-2 என முன்னிலையில் இருந்தது. மூன்று மட்டையாளர்களை வெளியேற்றினால் உலகத் தொடர். பந்துவீச்சாளர் மைக் விட்டுக்கு எதிராக, இப்போது பாஸ்டன் அணியில் இருந்த டான் பேலர் இரண்டு ஓட்ட ஹோம் ரன் அடித்தார். கணக்கு 5-4. இரண்டாமவர் வெளியேறினார். இனி ஒருவர் மட்டுமே.

அடுத்து வந்த ரிச் கெட்மன் அன்று விட்டின் பந்துகளை எளிதாக அடித்துக்கொண்டிருந்தார். கெட்மன் இடக்கை மட்டையாளர் என்பதால், மாக் இடக்கைப் பந்துவீச்சாளர் கேரி லூகாஸை அழைத்தார். கணக்குப்படி சரியான முடிவு. லூகாஸின் முதல் பந்தே கெட்மனின் உடலில் பட்டது. அவர் தளம் பெற்றார். அடுத்து, முந்தைய ஆண்டு 31 ஆட்டங்களைக் காத்துக்கொடுத்த டானி மூர் வந்தார். அந்தப் பருவம் முழுவதும் தோள்வலியுடன் வீசியவர் அவர். எதிரே டேவ் ஹெண்டர்சன். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் போதும் என்ற நிலை வந்தது. ஓய்விருக்கையில் ஆட்டக்காரர்கள் களத்துக்குள் பாய ஆயத்தமாக நின்றனர்; காவலர்கள் எல்லையில் அணிவகுத்தனர். ஹெண்டர்சன் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டியது. 6-5.

அதே இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் ஏஞ்சல்ஸ் ஓர் ஓட்டம் எடுத்துச் சமன் செய்தது. தளங்கள் நிரம்பி, ஒருவரே வெளியேறியிருந்த நிலையிலும் வெற்றி ஓட்டம் வரவில்லை. 11-ஆவது இன்னிங்ஸில் பாஸ்டன் 7-6 என வென்றது. தொடர் பாஸ்டனுக்கு மாறியது. அடுத்த இரண்டு ஆட்டங்கள் 10-4, 8-1 என முடிந்தன.

விட்டை நீக்கியது சரியா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. 1964-இல் பந்துவீச்சாளர்களை அளவுக்கு மீறி நம்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், 1986-இல் ஒரு பந்துவீச்சாளரைப் போதிய அளவு நம்பவில்லை எனக் குற்றம் சாட்டப்பட்டார்.

பயிற்சியாளராகக் கடைசிப் பருவம்

1987-இல் ஏஞ்சல்ஸ் பிரிவின் கடைசி இடத்துக்குச் சரிந்தது. 1988 மார்ச்சில், பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமின்போது, உடல்நலக் காரணங்களால் மாக் பதவி விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் குக்கி ரோஹாஸ். 1964 பில்லிஸ் அணியில் மாக்கிடம் ஆடியவர். 1,902 வெற்றிகளுக்கு எதிரே 2,037 தோல்விகள் மாக்கின் கணக்கில் நின்றன. அப்போது அவரைவிட அதிகம் தோற்றவர்கள் கானி மாக், பக்கி ஹாரிஸ் என இருவரே. பலவீனமான அணிகளை ஏற்றுக் கட்டியெழுப்பும் பணியில் கழிந்த ஆண்டுகளின் விலை அது.

1995-இல் அவர் மீண்டும் ஓய்விருக்கைக்குத் திரும்பினார். இம்முறை மேலாளராக அன்று. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் மேலாளராகப் பொறுப்பேற்ற பாப் பூன், தமக்கு அருகில் அமர்ந்து ஆலோசனை கூறும் பயிற்சியாளராக மாக்கை அழைத்தார். 1982-இலும் 1986-இலும் ஏஞ்சல்ஸ் அணியின் கேட்சராக அவரிடம் ஆடியவர் பூன். ஏறத்தாழ எழுபது வயதில், தம் மாணவருக்குத் துணையாக மாக் ஒரு பருவம் பணியாற்றினார்.

2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜ் நகரில் நுரையீரல் புற்றுநோயால் அவர் காலமானார். பேஸ்பால் புகழ்மன்றம் அவருக்கு இடம் அளிக்கவில்லை. அவரிடம் ஆடிய ஜிம் பன்னிங் 1996-இல் அங்கே சேர்க்கப்பட்டார். பின்னர் கென்டக்கி மாநிலத்தின் செனட்டராகவும் பணியாற்றினார். டிக் ஆலனுக்கு அந்தச் சிறப்பு, மறைவுக்குப் பின் 2025-இல் கிடைத்தது.

மாக் வழிநடத்திய நான்கு அணிகளும் அவருக்குப் பின் உலகத் தொடரை வென்றன. பிலடெல்பியா 1980-இல் தன் வரலாற்றின் முதல் உலகப் பட்டத்தைப் பெற்றபோது மேலாளராக இருந்தவர் டல்லஸ் கிரீன். மாக்கின் பில்லிஸ் அணியில் பந்து வீசியவர். மினசோட்டா 1987-இல் வென்றது. மான்ட்ரியாலிலிருந்து வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்த அணி 2019-இல் வென்றது. ஏஞ்சல்ஸ் 2002-இல் முதன்முறையாக வென்றபோது மாக் உயிருடன் இருந்தார். ஜீன் ஆட்ரி இல்லை. அந்த அணியைத் தொகுத்த பொது மேலாளர் பில் ஸ்டோன்மன். 33 ஆண்டுகளுக்கு முன் மான்ட்ரியாலில், பிறர் வேண்டாமென ஒதுக்கியவர்களைக் கொண்டு மாக் கட்டிய அணியில், அவர் கையிலிருந்து பந்தைப் பெற்று வீசிய அதே ஸ்டோன்மன்.